படபடப்புக்கு யாரிடம் போவது?

நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மாரடைப்புதான் என்று நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இப்படி மூன்று முறை நடந்தது. சரி, நெஞ்சில் ஒன்றுமில்லை, அப்புறம் யாரிடம் போவது? அதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் கை நடுக்கமும் வரும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் சொல்லி அதைப் பார்த்துவிடுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் இது மனப் பதற்றமாக இருக்கலாம், மனநலம் பார்ப்பவரிடம் போக வேண்டும். போகும்போது போர்டில் இருக்கும் பட்டத்தைப் படியுங்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. கவுன்சலர் என்ற போர்டுக்குப் பின்னால் மட்டும் முறையாகப் படித்துப் பல வருடம் பயிற்சி பெற்றவரும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் இருக்கலாம், அதனால் கேட்டே ஆக வேண்டும். நான் முதலில் போனவரிடம் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் பாதிக்கு மேல் அவரே பேசிவிட்டுக் கடைசியில் "கல்யாணம் பண்ணிக்கோங்க, சரியாயிடும்" என்றார்.

காசு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், மனநலப் பிரிவு இருக்கும், காலையிலேயே போய்ப் புறநோயாளி சீட்டு வாங்கிவிடுங்கள். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே கேலிக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம், அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் வருடக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது. எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆள் தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே அந்த எண்ணுக்கு அழையுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தனியாரிடம் போவதென்றால் போனிலேயே நாலு விஷயம் கேளுங்கள்: பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு ஆகும், தமிழில் பேசலாமா. பதற்றத்துக்கு நன்றாக ஆராயப்பட்ட முறை சிபிடி, அதாவது பயத்தைக் கூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, அதில் பயிற்சி உண்டா என்று நேராகவே கேட்கலாம். ஒரே சிட்டிங்கில் குணம் என்பவரையும் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவரையும் விட்டுவிடுங்கள். தமிழ் முக்கியம். "நெஞ்சுக்குள்ள பிசையுது, என்னமோ நடக்கப்போற மாதிரி திக்திக்னு இருக்கு" என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாதியை விழுங்கியிருக்கிறேன்.

முதல் நாள் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் வருகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். நான் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தியிருந்தேன், அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அதைச் சொல்லவே முடிந்தது. வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும்தான் விலக்கு.

மருந்து கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூன்று நான்கு அமர்வு போயும் அவரிடம் மனசு திறக்கவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் கோபப்படமாட்டார், வேறொருவரின் பெயரை எழுதித் தருவார். எனக்குச் சரியாக அமைந்தவர் அப்படிக் கிடைத்த மூன்றாவது ஆள்தான்.