பின்தேர்வில் எல்லோரும் பாஸ்: வாசிப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே ஒரு குறையைச் சரிசெய்து பார்த்து எழுதும் செயல் ஆய்வு அறிக்கைகள் ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வரும். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: 'மூன்றாம் வகுப்பு மாணவர்களின் தமிழ் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்'. முன்தேர்வு, இரண்டு மாதம் மின்னட்டைப் பயிற்சி (எழுத்தோ சொல்லோ எழுதிய அட்டையைக் காட்டிப் படிக்கவைப்பது), பின்தேர்வு, மதிப்பெண் இரட்டிப்பு, முடிவுரை. தொடக்கத்தில் நான் எழுதியதும் இதே அச்சுதான். கூட்டல் பிழை, தலைப்பில்லாத வரைபடம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானே சரியாகிவிடும்.

இரண்டு தேர்வுக்கும் அதே பாடநூல் பத்தி

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஓர் அறிக்கையைச் சரிபார்க்க ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். 'சரளமாக வாசிக்கிறான்' என்று குறிக்கப்பட்டிருந்த பையன் புத்தகத்தை விரித்துக் கணீரென்று ஆரம்பித்தான். குரலில் தடங்கலே இல்லை. ஆனால் விரல் இரண்டாம் வரியில் நிற்கும்போதே வாய் நான்காம் வரிக்குப் போய்விட்டது. பத்தியில் 'பூனை பாலைக் குடித்தது' என்று ஒரு வரி. ஒரு தாளில் 'பூனை பாயைக் கடித்தது' என்று எழுதி நீட்டினேன். சட்டென்று 'பூனை பாலைக் குடித்தது' என்றான். 'பாயை' என்பதை மட்டும் தொட்டுக் காட்டியதும் தாளை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

பையன் ஏமாற்றவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பத்தியை வகுப்பே கோரஸாகச் சொல்லியிருக்கிறது. அதே பத்தியைப் பின்தேர்வில் வைத்தால் வேறென்ன வரும்?

இதன் விலை அதிகம். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒப்பித்த பிள்ளையை மலருக்கு ஏற்றிவிட்டால், அவனுக்குத் தேவையான எழுத்துப் பயிற்சி அன்றோடு நின்றுபோகும். அடுத்து வரும் ஆசிரியர், 'படிக்கத் தெரிந்தவன்தான், சோம்பேறித்தனம்' என்பார். அவனோ வாசிக்கும் முறை வரும்போதெல்லாம் 'சார், ஒண்ணுக்கு' என்று ஓடுவான், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். அப்புறம் இன்னொருவர் வந்து 'வகுப்பறை ஒழுங்கீனத்தைக் குறைத்தல்' என்று ஆய்வு தொடங்குவார். அந்தப் பட்டியலில் முதல் பெயர் இவனுடையது. வாசிப்பைத் தப்பாக அளந்தது நாம். கெட்ட பெயர் அவனுக்கு.

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும், 2005இல் தொடங்கிய ஏசர் (ASER) கணக்கெடுப்பின் கருவியைப் பாருங்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை, அவ்வளவுதான். முதலில் பத்தியைக் கொடுப்பார்கள். படித்தால் கதை, தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. எல்லோருக்கும் ஒரே தாள் என்பதும் கிடையாது, மாற்று வடிவங்கள் கையில் இருக்கும். நீங்களும் ஒரே கடினத்தில் இரண்டு புதுப் பத்திகள் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு முன்தேர்வில் முதல் பத்தி, பின்தேர்வில் இரண்டாவது. மீதிப் பேருக்கு மாற்றி. பக்கத்தில் படம் வேண்டாம். படித்து முடித்ததும் நடுவிலிருந்து நாலு சொல்லைத் தனியாகத் தொட்டுக் கேளுங்கள். கூடவே 'தெபூமு', 'மேகிடா' மாதிரி பொருளில்லாத சொற்கள் கொஞ்சம் வையுங்கள். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று பார்க்காமல் அவற்றைச் சொல்லவே முடியாது.

எல்லோரையும் கூட்டமாகப் படிக்கச் சொல்வது

வேண்டாம். ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், மற்றவர் காதில் விழாத இடத்தில்.

ஒப்பிட வேறு குழு இல்லாதது

பயிற்சியே கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் இரண்டு மாதத்தில் கொஞ்சம் முன்னேறத்தான் செய்வார்கள். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டின் கிராமப்புறக் குழந்தைகள் சுமார் 19,000 பேரை வைத்து அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் நடத்திய இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அந்த ஆறு மாதத்தில் நீங்கள் ஒரு மின்னட்டைத் திட்டம் நடத்தியிருந்தால், பள்ளி திறந்ததால் வந்த முன்னேற்றத்தையும் சேர்த்து உங்கள் கணக்கில் எழுதியிருப்பீர்கள். பக்கத்துப் பிரிவையோ பக்கத்து ஊர்ப் பள்ளியையோ பயிற்சி இல்லாமல் அதே தேர்வுகளுக்கு உட்படுத்துங்கள். அவர்களுக்கு அநியாயம் என்று தோன்றினால், ஆய்வு முடிந்ததும் அதே பயிற்சியை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

நிமிடத்துக்கு இத்தனை சொல்

வாசிப்பு வேகத்துக்கான ஆங்கில அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரே சொல். அதை 'பூனை'யோடு சேர்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கணக்கு எங்கே நிற்கும்? எழுத்துகளை எண்ணுங்கள்.

பின்தேர்வுக்கு வராத பிள்ளைகள்

செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போனவர்களை அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்களே. யாரும் ஒன்றும் கற்காமலே சராசரி ஏறும். எத்தனை பேர் போனார்கள், முன்தேர்வில் அவர்கள் என்ன வாங்கியிருந்தார்கள் என்று எழுதுங்கள்.

'ஒழுக்கம் மேம்பட்டது'

யார் சொன்னது? ஆசிரியரே. எதை வைத்து? பதில் இருக்காது.

1969இல் அமெரிக்காவில் பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் வெளியிட்ட நன்னடத்தை விளையாட்டு ஆய்வில் ஒழுக்கம் என்று பொதுவாக எதையும் அளக்கவில்லை. அனுமதியில்லாமல் இடத்தை விட்டு எழுவது, பேசுவது என்று எண்ணக்கூடியதை மட்டும் எண்ணினார்கள். நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதி மீறும்போதெல்லாம் அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைவாக வாங்கிய அணிக்குச் சின்னச் சின்னச் சலுகை. எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்: முதலில் கணக்குப் பாடவேளையில் மட்டும் விளையாடினார்கள். பிறகு அதை வாசிப்புப் பாடவேளைக்கு மாற்றியதும் கணக்கு வேளையில் பழைய சத்தம் திரும்பியது. ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல், ஒரே வகுப்பை வைத்து, விளையாட்டால்தான் மாற்றம் வந்தது என்று காட்டிவிட்டார்கள்.

நீங்கள் எண்ணும்போது, பிள்ளை எழுந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வாசிப்பு நேரத்தில் மட்டும் எழுகிறவர்களின் பெயரைத் தனியாக எடுத்து, முதலில் வாசிப்புத் தேர்வு வையுங்கள்.

வீடியோ எடுப்பது

போனை நீட்டியதும் பிள்ளையும் மாறும், ஆசிரியரும் மாறுவார். பெற்றோரைக் கேட்காமல் எடுத்தால் அது தனி வம்பு.