ஹார்மோன், மூளை: ஒரு ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது?

'ஆண் மூளை, பெண் மூளை' என்று ஒரு ஆய்வுச் செய்தி கண்ணில் பட்டால், முதலில் ஹார்மோனை எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள். நிறைய விஷயம் அதில்தான் இருக்கிறது. பிறந்து சில நாளே ஆன பெண் எலிக்குட்டிக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டால், வளர்ந்த பிறகு அதற்குக் கருமுட்டை வெளியாவதே நின்றுபோகும். அதே ஊசியை வளர்ந்த எலிக்குப் போட்டால் அந்த நிரந்தர மாற்றம் வராது.

அப்புறம், எந்த ஹார்மோன்? எலிக்குட்டியின் மூளையில் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ராடியோல் என்ற எஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது, மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஒரு நரம்புக் கொத்து ஆணுக்குப் பெரிதாக இருப்பது அதனால்தான். பெண் குட்டிக்கு ஏன் அப்படி ஆவதில்லை என்றால், ரத்தத்தில் உள்ள ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் எஸ்ட்ரோஜனை மூளைக்குள் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கடைசியாக, எந்த விலங்கு? மனிதரில் அந்தப் புரதம் எஸ்ட்ரோஜனை அப்படிப் பிடிப்பதில்லை. எலி முடிவை அப்படியே நம் பிள்ளைகள் மேல் ஏற்றிச் சொல்லும் செய்தியை நம்பாதீர்கள்.