படம் பேச வேண்டுமா? உதடுகளிலிருந்து தொடங்குங்கள்

புகைப்படத்தையும் குரலையும் கொடுத்தால் தானாகவே பேசவைக்கும் செயலிகள் இன்று நிறைய வந்துவிட்டன. ஆனாலும் ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள் என்பேன். எந்த எழுத்துக்கு வாய் எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிட்டால், செயலி செய்யும் பிழையும் உடனே கண்ணில் படும். ஒலியை வெட்ட ஆடாசிட்டி, படத்தைத் திருத்த கிம்ப், இரண்டையும் பொருத்தி வீடியோவாக்க பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் மூன்றும் போதும், மூன்றுமே இலவசம்.

முதலில் ஒலி. ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஆடாசிட்டியில் முன்னும் பின்னும் உள்ள வெற்று இடத்தை வெட்டி, வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

அடுத்து படம். நேராகப் பார்க்கும் முகம், மூடிய வாய். மூடிய வாயைத் திறப்பது எளிது. பல் தெரியச் சிரிக்கும் வாயை மூடுவது பெரும்பாடு. பிறருடைய படம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

கிம்பில் படத்தை நகலெடுத்து, வார்ப் கருவியால் (படத்தை இழுத்து வளைக்கும் கருவி) வாயை மட்டும் மாற்றி ஐந்து படங்கள் செய்துகொள்ளுங்கள்: மூடியது, பாதி திறந்தது, நன்றாகத் திறந்தது, குவிந்தது, மேற்பல் கீழுதட்டைத் தொடுவது. இங்கே அவசரம் கூடாது. பேசும்போது மேல்தாடை அசைவதில்லை, கீழ்த்தாடைதான் இறங்குகிறது. ஆகவே மேற்பற்களை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வையுங்கள். வாய் திறக்கும்போது மோவாயையும் சற்றுக் கீழே இழுங்கள். வாயின் உட்புறத்துக்குக் கரும்பழுப்பு போதும். தனிக்கறுப்பு பூசினால் முகத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். ஐந்தும் ஒரே அளவில் இருக்கட்டும்.

இனி பொருத்துதல். பிளெண்டரின் வீடியோ எடிட்டரில் விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம், அதாவது அசைவின் ஒரு தனிப்படம்) என்று அமைத்து, ஒலியைக் கீழ்வரிசையில் இடுங்கள். அலைவடிவம் தெரியும்படி வைத்துக்கொண்டால், ஒலி எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்த்தே படங்களை அடுக்கலாம். 'அம்மா வா' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். அகரத்துக்குப் பாதி திறந்த வாய், 3 சட்டகம். 'ம்ம்' முழுவதும் மூடிய வாய், 4 சட்டகம். ஆகாரத்துக்கு நன்றாகத் திறந்த வாய், 6. வகரத்துக்குப் பல் உதட்டைத் தொடும் படம், 2. மீண்டும் திறந்த வாய், 6. குறிலைவிட நெடிலுக்கு இரட்டிப்பு நேரம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். மாத்திரைக் கணக்கு இங்கே கைகொடுக்கிறது. உங்கள் பதிவின் வேகத்துக்கேற்ப எண்கள் கூடலாம், குறையலாம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் வாயைத் திறந்து மூடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. க, ட, ர போன்றவை நாக்கின் வேலை. உதட்டுக்கு அங்கே வேலை இல்லை. ப, ம வரும் இடத்தில் மட்டும் உதடு ஒட்டியே ஆகவேண்டும். அது தவறினால் மற்றவை எவ்வளவு சரியாக இருந்தாலும் கண் நம்பாது. உ, ஒ வந்தால் குவிந்த வாய்.

எல்லாம் அடுக்கியபின் படங்கள் அனைத்தும் ஒலிக்கு ஒரு சட்டகம் முந்தி வரும்படி இடப்பக்கம் நகர்த்துங்கள். ஒலி எழுமுன்பே உதடு தயாராகிவிடும் என்பதால், இது இன்னும் இயல்பாகத் தோன்றும். கிம்பில் இமை மூடிய படம் ஒன்றும் செய்து, ஒரே ஓர் இடத்தில் கண் இமைக்கவும் வையுங்கள். 4 சட்டகம் போதும்.

இப்போது ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். உதட்டைப் பார்த்தே 'அம்மா' என்று தெரிகிறதா? தெரிந்தால் எம்பி4 ஆக வெளியிடலாம். வெளியீட்டு அமைப்பில் ஆடியோ கோடெக்கை (ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) ஏஏசி என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். ஒலியில்லை என்ற அமைப்பிலேயே விட்டால் படம் வாயசைக்கும், குரல் வராது.