எக்ஸோம் பரிசோதனை: கையெழுத்துப் போடும் முன் முடிவு செய்ய வேண்டியவை

குழந்தையின் வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வேறு காரணம் பிடிபடாதபோது மருத்துவர் எக்ஸோம் என்ற மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். ஊதா மூடி போட்ட குழாயில் சில மில்லி ரத்தம், கூடவே ஓர் ஒப்புதல் படிவம். ரத்தம் எடுக்க இரண்டு நிமிடம் போதும். மரபணுவியலைச் சுற்றி நடக்கும் அறச்சிக்கல்களில் பாதி அந்தப் படிவத்துக்குள்தான் இருக்கிறது. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. படிவத்தை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். புரியாத வரிகளைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், இந்தப் பரிசோதனைதான் தேவையா என்று கேளுங்கள். டிஎன்ஏவில் புரதத்துக்கான குறிப்பு உள்ள 1 முதல் 2 சதவீதப் பகுதியை மட்டுமே எக்ஸோம் படிக்கிறது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் டிஎன்ஏவின் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்து நீண்டுகொண்டே போகும். எக்ஸோம் அதை வழக்கமாகத் தவறவிடும். டுஷேன் தசைச்சிதைவில் பெரும்பாலும் ஜீனின் ஒரு பகுதியே காணாமல் போயிருக்கும், அதற்கு, ஜீனின் துண்டுகள் விடுபட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் எம்எல்பிஏ பரிசோதனையில் தொடங்குவதே முறை. ஆகவே 'ஒன்றும் இல்லை' என்று எக்ஸோம் ரிப்போர்ட் வந்தால், மரபணு நோயே இல்லை என்று ஆகிவிடாது. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றியவரின் ரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டிஎன்ஏ என்பதால் தோலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும்.

படிவத்தில் நின்று நிதானிக்க வேண்டிய இடம், 'தேடாமல் கிடைக்கும் தகவல்' பற்றிய கட்டம். வலிப்புக்குக் காரணம் தேடும்போது மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மாற்றம் கண்ணில் படலாம். இப்படிச் சொல்லத்தக்க ஜீன்களுக்கு அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இல் ஒரு பட்டியல் போட்டது. அன்று 56 ஜீன்கள், இன்று 80க்கும் மேல். குழந்தைக்கு அது இருந்தால் பெரும்பாலும் தாய் அல்லது தந்தையிடமிருந்து வந்திருக்கும். தெரிந்தால் அவர்கள் உடனே பரிசோதனைக்குப் போகலாம். தடுக்கவோ கண்காணிக்கவோ வழியுள்ள நோய் என்றால் 'சொல்லுங்கள்' என்று குறிப்பதே எங்கள் பரிந்துரை. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் போல, பெரியவரான பின் வரும், தடுக்க வழியில்லாத நோய்க்குக் குழந்தையைச் சோதிக்கக் கூடாது. அதை அறிவதா வேண்டாமா என்ற முடிவு, 18 வயதில் அந்தப் பிள்ளை எடுக்க வேண்டியது.

பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகக் கிடைக்கும். ஆனால் தந்தை வேறு, அல்லது குழந்தை தத்து என்ற உண்மையும் அதில் வெளிப்பட்டுவிடும். அப்படி ஏதாவது இருந்தால், மரபணு ஆலோசகரைத் தனியாகச் சந்தித்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆராய்ச்சிக்குத் தரவைப் பயன்படுத்தும் அனுமதி தனிக் கட்டமாக இருக்க வேண்டும். அதை மறுத்ததற்காகச் சிகிச்சைக்கான பரிசோதனையை நிறுத்தக் கூடாது. பெயரை நீக்கிவிட்டாலும் டிஎன்ஏவே ஓர் அடையாளம்தான், பிறரிடம் போய்விட்ட தரவை மீட்பதும் கடினம்.

ரிப்போர்ட்டில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்ற வகை. நோயைத் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மாற்றம் அது. அதை மட்டும் நம்பிக் கருவைக் கலைப்பதோ திருமணத்தை நிறுத்துவதோ பெரும் தவறு.

காரணம் உறுதியானால் அது உறவினருக்கும் சேர்ந்த செய்தி. ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் ஒடுங்கு மரபு நோய் என்றால் வழக்கமாகத் தாய், தந்தை இருவருமே கேரியர்கள், அதாவது நோயில்லாமல் ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். 'மருமகள் வழி வந்தது' என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. தாய், தந்தையின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவரும் கேரியராக இருக்கக் குறைந்தது 50 சதவீத வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிக்கும் குடும்பங்களில் இந்தத் தகவல் கல்யாணப் பேச்சுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஆலோசகரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக் கொடுத்தால், சொல்பவர் மேல் கோபம் வராது.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ரிப்போர்ட்டை வாங்கிவிடுங்கள். எக்ஸோம் முடிவு வரப் பல வாரங்கள் ஆகும். கருவைச் சோதிக்க நச்சுக்கொடித் திசு கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்திலும் பனிக்குட நீர் சுமார் 16 வாரத்திலும் எடுக்கப்படுகிறது. கருவில் எந்த மாற்றத்தைத் தேடுவது என்று தெரியாமல் அந்த மாதிரியை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதிரி எடுக்கும்போது கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் 'ஜி' தாய்க்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் அதே சட்டத்தின்படி குற்றம்.

விடை கிடைக்காதவர்கள் லேபிடம் விசிஎஃப் கோப்பை (கண்ட டிஎன்ஏ மாற்றங்களின் பட்டியல் உள்ள கணினிக் கோப்பு) கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓரிரு ஆண்டு கழித்து, புதிய ரத்தம் எடுக்காமலே அதை மறுபடி ஆராயச் சொல்லலாம்.