செவிலியர் கிளினிக் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் கால்நடை மருத்துவமனைகளில் செவிலியர்கள் தாமே நடத்தும் கிளினிக்குகள் இன்று புதுமையல்ல. எடைக் கட்டுப்பாடு, பல் பராமரிப்பு, நாய்க்குட்டி வளர்ப்பு, முதிய பூனைகளின் இரத்த அழுத்தம், நீரிழிவுள்ள விலங்குக்கு இன்சுலின் போட வீட்டாரைப் பழக்குதல் என்று பல வகைகளில் அவை நடக்கின்றன. ஆனாலும், பதிவுபெற்ற செவிலியராகிச் சில ஆண்டுகள் கழித்து, தாமும் ஒரு கிளினிக் தொடங்க வேண்டும் என்ற ஆர்வத்தோடு திட்டத்தை எழுதிக்கொண்டு வருகிற இளையவர்களின் தாளைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் எங்கெங்கே தடுக்கி விழுந்ததோ அங்கெல்லாம் அவர்களும் விழப்போவது தெரிகிறது. அறையைத் தூய்மையாக வையுங்கள், நேரத்துக்கு வாருங்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, திட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து ஓராண்டுக்குள் கிளினிக்கையே மூடவைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சுவரொட்டியிலிருந்து தொடங்குவது

பலரும் முதலில் செய்வது காத்திருப்புக் கூடத்தில் அழகான சுவரொட்டி ஒட்டுவதும் ஃபேஸ்புக்கில் படம் போடுவதும்தான். அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மிகச் சிலரே. உங்கள் கிளினிக்குக்கு ஆள் அனுப்பக்கூடியவர் மருத்துவர். தடுப்பூசிக்கு வந்த நாயைப் பார்த்து, "இவன் எடை கூடியிருக்கிறான், எங்கள் செவிலியர் இதற்கென்றே கிளினிக் வைத்திருக்கிறார், போகும்போது ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் வலிமை எந்தச் சுவரொட்டிக்கும் இல்லை.

எனவே, முதல் கிளினிக் நாளைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவர்களோடு உட்கார்ந்து, எந்த விலங்கை அனுப்புவது, எந்த நிலையில் நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள், பதிவேட்டில் எப்படி எழுதுவீர்கள் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர்களில் ஒருவர், உடல் மெலிவையும் பருமனையும் 1 முதல் 9 வரை மதிப்பிடும் உடல்நிலை அளவுகோலில் 6 வந்தாலே அனுப்புகிறார், இன்னொருவர் 8 வரும்வரை வாய் திறப்பதில்லை என்றால், வாடிக்கையாளர் யாரை நம்புவார்? வரவேற்பு மேசையில் இருப்பவரையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் "அது என்ன கிளினிக்?" என்று கேட்பவருக்கு முதலில் பதில் சொல்கிறவர் அவர்தான்.

"இலவசம்" என்று அறிவிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புதிய கிளினிக் என்பதால் கூட்டம் சேர்க்க வேண்டும், அதற்கு இலவசம் என்று போடுவதே எளிய வழி என்று தோன்றுவது இயல்பு. முதல் மாதம் நாட்குறிப்பு நிரம்பும். பிறகு, நேரம் குறித்தவர்கள் வராமல் போவார்கள். கட்டணம் இல்லாத சந்திப்பை ரத்து செய்யத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. இதுவாவது வெளியே தெரிகிற இழப்பு. பெரிய இழப்பு மருத்துவமனைக்குள்ளே நடக்கிறது.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் எடைக் கிளினிக்கை இலவசமாகத்தான் நடத்தினோம். ஒரு பிற்பகல், பருமனான லாப்ரடார் ஒன்றை எடைமேடையில் ஏற்றி நிறுத்தி, அதன் விலா எலும்புகளை விரல்களால் தேடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா, நாய்க்கு ஒரு வேளைக்கு ஒரு கப் உணவுதான் தருவதாகச் சொல்லியிருந்தார். எந்தக் கப் என்று தெரிந்தால் நல்லது என்று நான் கேட்டுக்கொண்டதால், வீட்டில் புழங்கும் காப்பிக் குவளையையே பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை நிரப்பித் தராசில் வைத்தபோது, உணவுப் பையில் அச்சிட்டிருந்த அளவைவிட வெகுவாகக் கூடியிருந்தது. அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு தெரிந்த அந்த நேரத்தில் கதவு திறந்தது. எக்ஸ்ரே எடுக்க ஆள் வேண்டும், உடனே வரவேண்டும் என்றார்கள். நான் திரும்பி வருவதற்குள் அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். அடுத்த சந்திப்புக்கும் வரவில்லை.

என்னை அழைத்தவர் கெட்டவர் அல்லர். அவர் பார்த்த நாட்குறிப்பில் எக்ஸ்ரேவுக்கு எதிரே ஒரு தொகை இருந்தது, என் அரைமணி நேரத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத நேரத்தைத்தான் யாரும் முதலில் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் கிளினிக் என்ன ஈட்டியது என்று மேலாளர் கேட்டபோது, கணினியிலிருந்து எடுத்துக் காட்ட எதுவுமே இல்லை. பில் போடாத வேலை அந்த மென்பொருளில் நடந்ததாகவே பதிவாகவில்லை. எத்தனை விலங்குகள் வந்தன, எத்தனை இளைத்தன, எத்தனை பேர் அதைத் தொடர்ந்து பல் சிகிச்சைக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ மருத்துவரிடம் போனார்கள் என்று எதையும் நிறுவ முடியவில்லை. கிளினிக் நடந்த அறையில் உணவு மூட்டைகளை அடுக்கினார்கள்.

அந்த அரைமணியில் செவிலியர் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எடை பார்க்கிறார், உடல்நிலையை மதிப்பிடுகிறார், இலக்கு எடையைக் கணிக்கிறார். அந்த எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கி ஓய்வுநிலை ஆற்றல் தேவையைக் கணக்கிடுகிறார். இலக்கு 32 கிலோ என்றால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 940 கிலோ கலோரி. அதை வீட்டில் தரும் உணவின் கிராம் கணக்காக மாற்றுகிறார். தாத்தா மேசைக்கடியில் தரும் ரொட்டித் துண்டையும் கணக்கில் சேர்க்கிறார். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடு குறைவதே நாய்க்குப் பாதுகாப்பான வேகம் என்பதால் அதற்கேற்ற கால அட்டவணை போடுகிறார். பருமனான பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அது உணவைத் தொடாவிட்டால் உடனே அழைக்கும்படி எச்சரிக்கிறார். இவ்வளவையும் படித்து, தேர்வெழுதி, ஆண்டுதோறும் 15 மணிநேரத் தொடர்கல்வி முடித்துப் பதிவைக் காப்பாற்றிவரும் ஒருவரின் வேலைக்கு மருத்துவமனையே சுழியம் என்று விலை போட்டால், வாடிக்கையாளர் மட்டும் எப்படி அதை மதிப்பார்?

கட்டணம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்ற அச்சத்தை எல்லோரும் சொல்கிறார்கள். தொடக்கத்தில் வருகிறவர்கள் குறைவார்கள் என்பது உண்மைதான். ஆனால், சிறு தொகையேனும் கொடுத்தவர்கள் இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எடைக் குறைப்பில் பலன் தருவது அந்தத் தொடர்ச்சிதான். செய்ய வேண்டியது இவ்வளவே. கிளினிக்குக்கென்று மென்பொருளில் தனிக் கட்டண வரியை உருவாக்குங்கள். யாருக்காவது தள்ளுபடி தர மருத்துவர் விரும்பினால், முழுத் தொகையைப் போட்டு அதற்குக் கீழே தள்ளுபடியைக் காட்டுங்கள். அப்போது வேலையும் பதிவாகும், அதன் விலையும் வாடிக்கையாளர் கண்ணில் படும். மாதச் சந்தா நலத் திட்டம் இருந்தால் கிளினிக்கை அதற்குள் சேர்த்து, சந்தாதாரருக்குச் செவிலியர் சந்திப்பு உண்டு என்று எழுதிக் கொடுங்கள். தையல் பார்ப்பது அறுவைக் கட்டணத்தில் அடங்கியது என்றால் அதையும் "கட்டணத்தில் சேர்ந்தது" என்றே குறிப்பிடுங்கள். இலவசம் என்ற சொல் அங்கும் வேண்டாம்.

சொல்லும் விலை 20 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்த முழு விலையாக இருக்கட்டும். போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 மே மாதம் கால்நடை மருத்துவச் சேவைகள் மீது முறையான சந்தை விசாரணை தொடங்கியதிலிருந்து, விலையை முன்கூட்டியே சொல்லாத மருத்துவமனையை மக்கள் பொறுத்துக்கொள்வதில்லை. அவர்கள் அப்படி இருப்பது நியாயமும்கூட.

கட்டியைத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்வது

எடைக்கு வந்தவர், "இங்கே ஒரு கட்டி இருக்கிறது, பாருங்களேன்" என்பார். "கொழுப்புக் கட்டிதான், கவலை வேண்டாம்" என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவரின் பொறுப்பில் உள்ள விலங்குக்கு, அவர் வழிகாட்டுதலின்படி, மருத்துவச் சிகிச்சை அளிக்கவும் உடல் அறைகளுக்குள் புகாத சிறு அறுவையைச் செய்யவும் பதிவுபெற்ற செவிலியருக்கு இடம் தருகிறது. நோயைக் கண்டறிந்து பெயர் சொல்வது அதில் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நாயின் தோலில் வரும் மாஸ்ட் செல் புற்று, தொடுவதற்குக் கொழுப்புக் கட்டி போலவே இருக்கக்கூடும். ஊசியால் செல் எடுத்துப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இடம், மில்லிமீட்டரில் அளவு, தோலோடு நகர்கிறதா என்பதைப் பதிவேட்டில் எழுதி, அவர் வெளியே போகுமுன் மருத்துவரிடம் நேரம் குறித்துக் கொடுங்கள்.

முதிய பூனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது

இரத்த அழுத்தக் கிளினிக்கில் பத்து நிமிடத்தில் கிடைப்பது அச்சத்தின் அளவுதான். பூனை கூடைக்குள்ளேயே ஐந்து முதல் பத்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும். கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, அடியிலேயே அதை உட்காரவிட்டு, துண்டைப் போர்த்துங்கள். முன்காலையோ வாலின் அடியையோ நாடாவால் அளந்து, அந்தச் சுற்றளவில் 30 முதல் 40 விழுக்காடு அகலமுள்ள, காற்றடைத்து இறுக்கும் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். பட்டை குறுகினால் அளவு பொய்யாக உயரும். இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவிக்குக் காதுக்குழாய் மாட்டிக்கொள்ளுங்கள். அதன் இரைச்சல் பூனையின் சீறல் போலவே ஒலிப்பதால், ஒலிபெருக்கியில் கேட்கவிட்டால் பூனை மிரளும். முதல் அளவை விட்டுவிட்டு, பின்வரும் ஐந்தாறு அளவுகளின் சராசரியை எழுதுங்கள். மேல் அழுத்தம் 160ஐத் தொட்டாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 180க்கு மேல் தொடர்ந்து நின்றால் விழித்திரை பிரிந்து பூனை பார்வையையே இழக்கலாம்.

இதற்கெல்லாம் அரைமணி நேரம் வேண்டும். நாய்கள் நிறைந்த கூடத்தில் காத்திருந்துவிட்டு வரும் பூனைக்கு அதுவும் போதாது. மருத்துவமனை அமைதியாக இருக்கும் வேளையைக் கேட்டு வாங்குங்கள்.

இன்சுலின் ஊசியை வாயால் விளக்குவது

கையில் கொடுத்துப் பழக்குங்கள். விலங்குகளுக்கான இன்சுலினான கனின்சுலின் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்ட மனித இன்சுலினுக்கான சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால், தேவையான மருந்தில் 40 விழுக்காடுதான் உள்ளே போகும். வீட்டில் நீரிழிவு உள்ள மனிதர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு சிரிஞ்சுகளும் ஒரே இழுப்பறையில் கிடக்கும்.

ஒரே மாதத்தில் ஐந்து கிளினிக் தொடங்குவது

ஒன்று போதும். அது நிலைத்த பிறகு அடுத்தது.

மருந்தின் பெயரை விளம்பரத்தில் போடுவது

மூட்டுவலிக் கிளினிக்குக்கு, "மாதந்தோறும் லிப்ரேலா ஊசி இங்கே போடப்படும்" என்று, நாய்களின் மூட்டுவலிக்கான மருந்தின் பெயரையே முகநூலில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே தரக்கூடிய கால்நடை மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 2013ஆம் ஆண்டின் கால்நடை மருந்து ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. உண்ணி, பூச்சி மருந்துகளில் பலவும் இந்த வகையில் அடங்கும். நோயைப் பற்றி எழுதுங்கள், உங்கள் கிளினிக்கைப் பற்றி எழுதுங்கள், மருந்தின் பெயரை விட்டுவிடுங்கள். படியிறங்கத் தயங்கும் நாய், சோபாவில் ஏறுவதை நிறுத்திவிட்ட பூனை என்று எழுதினாலே, அதை வீட்டில் பார்த்தவர்கள் அழைப்பார்கள்.

அக்டோபர் கடைசியில் வெடிச்சத்தம் பற்றிப் பேசுவது

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நவம்பர் 5 வாணவேடிக்கைக்கு முந்திய வாரத்தில் வைக்கும் அறிவிப்பால் நாய்க்குப் பயனில்லை. பதிவுசெய்த ஒலியை மெல்லிய அளவில் கேட்கவைத்து, சிறுகச் சிறுகக் கூட்டிப் பழக்குவதற்கு வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்கள் ஆகும். ஆகவே கோடையிலேயே பேசுங்கள். முயலின் வாற்புறத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது வெப்ப மாதங்களில் என்பதால் அந்த எச்சரிக்கை வசந்தத்தின் தொடக்கத்திலேயே போக வேண்டும். சட்டம் மாறும்போதும் வாய்ப்பு வருகிறது. இங்கிலாந்தில் வீட்டுப் பூனைக்கு மைக்ரோசிப் 2024 ஜூன் 10 முதல் கட்டாயமானபோது, சிப் போட வந்த பூனைகளை எடையும் பார்த்து அனுப்பிய செவிலியர்களுக்கு அந்த ஆண்டு விளம்பரமே தேவைப்படவில்லை.

அடுத்த தேதி இல்லாமல் அனுப்புவது

"தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் கூப்பிட மாட்டார்கள். எடைக்கு இரண்டு வாரம் என்றால் அந்தத் தேதியை அறைக்குள்ளேயே கணினியில் குறித்து, அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். வராதவரை மறுநாளே நீங்களே தொலைபேசியில் அழைத்து, வேறு தேதி கேளுங்கள்.