கீறல் விழுந்த மேசை: பாலிஷ் போடும் நாள் வரை

ஆனியில் மேசையில் கீறல் விழுந்தால், புதுப் பாலிஷுக்குத் தை, மாசி வரை பொறுப்பது நல்லது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசும் ஸ்பிரிட் பாலிஷை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதுவரை கீறலுக்குள் தண்ணீரும் எண்ணெயும் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மீன்கறி மஞ்சள் ஒருமுறை மரத்துக்குள் போய்விட்டால், உப்புத்தாளால் ஆழமாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கீறலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முத்தாக நின்றால் பாலிஷ் மட்டுமே கீறியிருக்கிறது, துணி விரித்தால் போதும். சொட்டு பரவி அந்த இடம் கறுத்தால் மரம் திறந்துகிடக்கிறது. உடனே ஒற்றியெடுங்கள், இதை அடைக்க வேண்டும்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, துணியை இறுகப் பிழிந்து மேசையைத் துடைத்து, கையோடு உலர்ந்த துணியாலும் துடையுங்கள். பிறகு ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே காயட்டும். மழைநாள் என்றால் இரண்டு நாள்.

அடைப்பதற்கு ஷெல்லாக் என்னும் அரக்குச் செதில். 250 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 30 கிராம். கண்ணாடி பாட்டிலில் இரவு முழுக்க ஊறட்டும். தகர டப்பா வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். அடியில் தங்கும் மெழுகைக் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் வடித்து, மெல்லிய பிரஷால் கீறல் நெடுக ஒரே இழுப்பாக இழுங்கள். ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு முறை. பழைய பூச்சு ஸ்பிரிட் பாலிஷாக இருந்தால், பூசியது காய்வதற்குள் திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதுவும் கரைந்து வழியும். மழையில்லாத நண்பகல்தான் இதற்கு நேரம். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். கீறல் மறைந்ததுபோல் இருக்கும், ஆனால் எண்ணெய் காயாமல் மரத்துக்குள்ளேயே நிற்கும், புதுப் பாலிஷ் அங்கே பிடிக்காது. சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்பிரே அதைவிட மோசம். பின்னால் அடிக்கும் பூச்சு மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். மார்த்தாண்டத்துத் தேன்மெழுகு நல்ல பொருள்தான், அதைப் பாலிஷ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே பருத்திப் போர்வையை இரண்டாக மடித்து விரித்து, ஓரங்களை நாடாவால் அடியில் கட்டுங்கள். செல்லோடேப் ஒட்டினால் உரிக்கும்போது பாலிஷும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் விரிப்பு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும், அதுவும் துணிக்கு மேலே. நாள்கணக்கில் கிடந்தால் அடியில் ஈரம் தங்கும், பழைய பூச்சோடு ஒட்டியும் கொள்ளும். வாரம் ஒருமுறை துணியை எடுத்துக் காற்றாட விடுங்கள். மரச்சீனிக்கிழங்குப் பாத்திரத்தைச் சூடாக வைப்பதானால் அடியில் பலகை வேண்டும். நனைந்த இரும்புச் சட்டியைத் துணிமேல்கூட வைக்காதீர்கள். துரு ஊறி, தேக்கில் கருவளையம் விழும்.

தரை துடைக்கும் தண்ணீரைக் கால்களின் அடிப்பக்கம் உறிஞ்சும். ரப்பர் குமிழ் மாட்டுங்கள்.

பாலிஷ் போட ஆசாரி வரும்போது, கீறலில் அரக்கு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுத்த பிறகு அவர் உப்புத்தாளை எடுக்கட்டும். இல்லாவிட்டால் அரக்கு சூடேறித் தாளில் அப்பிக்கொள்ளும்.