பின்வாசல் தெருவுக்கு வெளிச்சம் வந்தது

எங்கள் பின்வாசல் தெருவில் மாதக்கணக்காக இருட்டு. பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் அந்தப் பக்கம் அதிகம். திருட்டுப் பயம் வேறு. மின்வாரியத்தில் சொன்னேன். கம்பம்தான் எங்களது, விளக்கு பேரூராட்சியுடையது என்றார்கள். அது சரிதான். பேரூராட்சியில் மனு கொடுத்தால் ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது, விளக்குதான் எரியவில்லை. மறுபடி கொடுத்தாலும் அதே பதில்.

சிக்கல் கதவு எண்ணில். செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகவரியோ முகப்புத் தெருவுக்கு மட்டும். வந்த ஊழியர் முகப்பில் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பின்தெருக் கம்பத்தில் பெயிண்டால் எழுதிய எண் உண்டு. காதுகுத்து போஸ்டரைக் கிழித்த பிறகுதான் தெரிந்தது. கதவு எண்ணே போடாமல், அந்தக் கம்ப எண்ணை மட்டும் எழுதி, பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலமே எல்இடி மாட்டிவிட்டார்கள்.